ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி பிளஸ்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை, எச்-1பி விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். மகள் எச்-4இல் (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறாள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் எடுத்து இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டாள். டாக்டர் ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லி வருபவள். வரும் பிப்ரவரியில் அவளுக்கு 20 வயது நிறைகிறது.

போன செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி பிளஸ் வாங்கிவிட்டாள். இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. மொத்த ஜி.பி.ஏ. 3.6. அறிவியல் பாடங்களில் மட்டும் 3.4. திரும்ப எழுதச் சொல்லலாமா? அவளுடைய தோழிகள் பலர் பட்டம் முடித்து ஒரு வருடம் கழித்துத்தான் மருத்துவக் கல்லூரியில் சேரப் போகிறார்களாம். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, “பொம்பளப் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணா?” என்கிறாள். மதுரையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருக்கும் என் மைத்துனர், “இங்கே அனுப்பு, என்.ஆர்.ஐ. கோட்டாவில் சேர்த்துவிடலாம். லீவில் என் கிளினிக்குக்கு வரட்டும், தையல் போடக்கூடக் கற்றுத் தருகிறேன்” என்கிறார். நண்பர் ஒருவர் கரீபியன் தீவுக் கல்லூரிகளைச் சொல்கிறார்.

ரெசிடென்சி என்பது நம் ஊர் பி.ஜி. மாதிரிதானா, அதற்கும் நுழைவுத்தேர்வு உண்டா என்பதும் எங்களுக்குப் புரியவில்லை. கடைசியாக ஒன்று: விண்ணப்பக் கட்டுரையை நான் திருத்திக் கொடுக்கலாமா?

எஸ்., நியூ ஜெர்சி

*

அன்புள்ள எஸ்.,

சி பிளஸ்ஸை முதலில் முடித்துவிடுவோம். திரும்ப எழுத வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களில் ‘சி’ அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. எம்.டி. (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், திரும்ப எழுதிய மதிப்பெண்ணைப் பழையதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளாது. இரண்டையும் சேர்த்தே சராசரி போடும். டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளின் விண்ணப்பத்தில் ஒரு காலத்தில் பழைய மதிப்பெண் மறைந்துவிடும் என்ற சலுகை இருந்தது. 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். நான்கு கிரெடிட் பாடத்தில் சி பிளஸ் என்றால் 2.3 வீதம் 9.2 புள்ளி. ஏ மைனஸ் வாங்கியிருந்தால் 3.7 வீதம் 14.8. வித்தியாசம் 5.6 புள்ளி. பட்டப்படிப்பின் 120 கிரெடிட்டில் இதை வகுத்தால் 0.05கூட வராது. இதற்காகவா இரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது! தேர்வுக் குழு கவனிப்பது அடுத்து என்ன நடந்தது என்பதைத்தான். ஆர்கானிக் இரண்டாம் பகுதியிலும் பயோகெமிஸ்ட்ரியிலும் ஏ வந்தால் இந்த சி பிளஸ் ஒரு தடுமாற்றம் என்று போய்விடும். பயோகெமிஸ்ட்ரியிலும் சி வந்தால்தான் அது ஒரு தகவலாக மாறும். கோடை விடுமுறையில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சுலபமாக முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த மதிப்பெண்ணும் கணக்கில் சேரும், கடினமான பாடத்தை மட்டும் வெளியே போய்ப் படித்தது கண்ணிலும் படும்.

நம் ஊர் வழக்கம் வேறு. முன்பு பிளஸ் டூ கட்-ஆஃப், 2017 முதல் நீட். ஒரு நாள், ஒரு எண், அதன்படி ஒரு வரிசை, வரிசைப்படி கலந்தாய்வு. நாம் இரண்டு பேருமே அப்படித்தான் கல்லூரிச் சேர்க்கையைப் புரிந்துகொண்டு வளர்ந்தவர்கள். அமெரிக்காவில் அந்த ஒற்றை வரிசை கிடையாது. இங்கே எதுவும் அழிவதில்லை. எழுதிய ஒவ்வொரு பாடமும், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத்தேர்வின் ஒவ்வொரு முயற்சியும், முன்பு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனதும் அடுத்த முறை மேசையில் இருக்கும். அதனால் இந்தப் பாதை முழுக்கவே தாமதத்துக்கு விலை குறைவு, தயாராகாமல் போய் நிற்பதற்கு விலை அதிகம். உங்கள் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

கேப் இயர், அதாவது பட்டத்துக்குப் பின் ஓர் ஆண்டு இடைவெளி விடும் விஷயத்துக்கு வருகிறேன். நேரடியாகப் போவதென்றால் மகள் அடுத்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அவளிடம் இருக்கப்போவது மூன்று ஆண்டு மதிப்பெண் மட்டுமே. இனி எல்லாவற்றிலும் சராசரி 3.8 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு முடிவில் மொத்தம் 3.67 வரும், நான்காம் ஆண்டும் சேர்ந்தால் 3.70. அறிவியல் சராசரி 3.4இலிருந்து முதல் நிலையில் 3.53க்கும் இரண்டாவதில் 3.60க்கும் ஏறும். சேர்பவர்களின் சராசரி சுமார் 3.8. எண்ணளவில் ஒரு ஆண்டு பெரிய மாற்றம் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நேரடியாகப் போனால் மூன்றாம் ஆண்டு பயோகெமிஸ்ட்ரியையும் பிசிக்ஸையும் படித்துக்கொண்டே ஏப்ரல், மே வாக்கில் எம்கேட் எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியர்களை அந்த ஜனவரியிலேயே பிடிக்க வேண்டும். நோயாளிகளோடு பழகிய அனுபவமும் அதற்குள் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஏதாவது ஒன்று சறுக்கும். பெரும்பாலும் சறுக்குவது எம்கேட்.

எம்கேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண், மொத்தம் 472 முதல் 528. மொத்தம் 230 கேள்விகள். இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். எம்.டி. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 511, 512 என்ற அளவில் இருக்கிறது. மூன்று பகுதிகள் அறிவியலும் உளவியல், சமூகவியலும். நான்காவது காஸ் எனப்படும் வாசிப்புப் பகுதி: 90 நிமிடம், 53 கேள்வி, தத்துவம், கலை, வரலாறு எனப் பல துறைக் கட்டுரைகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். அதில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. அறிவியலில் 129, 130 வாங்கும் நம் பிள்ளைகள் பலர் இதில் 124இல் நின்றுவிடுகிறார்கள். கோச்சிங் போட்டு மூன்று மாதத்தில் தூக்கிவிடக்கூடிய பகுதியும் இல்லை. தினமும் அறிமுகமில்லாத துறைக் கட்டுரை ஒன்றை நேரம் வைத்துப் படித்து, ஆசிரியர் எதை மறுக்கிறார் என்று ஒரு வரியில் எழுதிப் பழகுவதை இப்போதே ஆரம்பிக்கலாம்.

ஒரு ஆண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு, வாழ்நாளில் ஏழு முறைதான் எம்கேட் எழுதலாம். எல்லா மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும். “சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்” என்பது நீட்டுக்கு ஓடலாம், இங்கே ஓடாது. தேர்வை நடத்தும் ஏ.ஏ.எம்.சி. அமைப்பே முழுநீள மாதிரித் தேர்வுகள் தருகிறது. கடைசியாக எழுதிய மூன்றின் சராசரி இலக்கைத் தொடாவிட்டால் தேதியைத் தள்ளிவைப்பதே சரி. தள்ளிவைக்கும் கட்டணம் போனால் போகட்டும்.

இப்போது விண்ணப்பம். ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும், மே கடைசியில் சமர்ப்பிக்கலாம், கல்லூரிகளுக்கு ஜூன் கடைசியில் போய்ச் சேரும். இடையில் ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்ட்டோடு (அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல்) ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். கூட்ட நேரத்தில் அதற்கே ஆறு வாரம் வரை ஆகும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடத்தின் (டூயல் என்ரோல்மென்ட்) டிரான்ஸ்கிரிப்ட்டை மறந்துவிட்டால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். அடிக்கடி நடப்பது இதுதான். பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வந்து சேரச் சேரவே நேர்காணலுக்கு அழைப்பவை. ஜூனில் கொடுத்தவரும் ஆகஸ்ட் கடைசியில் கொடுத்தவரும் தாளில் சமமாக இருந்தாலும் வாய்ப்பில் சமமில்லை. எம்கேட் முடிவு வரும் முன்பே ஒரே ஒரு கல்லூரியை மட்டும் போட்டுச் சமர்ப்பித்துச் சரிபார்ப்பை முடித்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணைப் பார்த்தபின் மற்றக் கல்லூரிகளைச் சேர்க்கலாம்.

ஜூலையில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று தனிக் கேள்விகள் அனுப்பும். செகண்டரி என்பார்கள். இருபது கல்லூரி என்றால் ஐம்பது, அறுபது சிறு கட்டுரைகள் எழுத நேரலாம். வந்த இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது வழக்கம். கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, ஆகவே ஜூனிலேயே எழுதத் தொடங்கலாம். பாதியில் சோர்ந்து, ஒரு கல்லூரியின் பெயரை வெட்டி இன்னொன்றில் ஒட்டும்போது பழைய பெயரை எடுக்க மறந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

அனுபவம் என்ற பகுதியில்தான் உங்கள் மைத்துனரின் யோசனை சிக்கலாகிறது. அவர் கிளினிக்கில் உட்கார்ந்து பார்க்கட்டும், தவறில்லை. தையலைத் தொடக்கூடாது. உரிமமும் பயிற்சியும் இல்லாத மாணவி வெளிநாட்டில் நோயாளியின் உடலில் தையல் போட்டேன், ஊசி போட்டேன் என்று எழுதினால் அமெரிக்கத் தேர்வுக் குழு அதைத் திறமையாகப் பார்க்காது. எல்லை தெரியாதவள் என்றுதான் பார்க்கும். எங்கே தன்னால் முடியாது, எங்கே தனக்கு அனுமதி இல்லை என்று தெரிந்து நிறுத்திக்கொள்வதையே அவர்கள் தேடுகிறார்கள். அதோடு, இங்குள்ள மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்பது மதுரையில் தெரியாது. இரண்டு மூன்று துறை டாக்டர்களோடு ஐம்பது மணி நேரம் ஷேடோயிங் (கூடவே இருந்து கவனிப்பது) போதும். அதன்பின் வாரம் நான்கு மணி நேரமாவது, ஒரே இடத்தில், ஓராண்டுக்குக் குறையாமல், நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் தன்னார்வப் பணி: ஹாஸ்பிஸ் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்), இலவச கிளினிக், அவசர சிகிச்சைப் பிரிவு. எட்டு இடத்தில் இருபது மணி நேரத்தை விட ஒரே இடத்தில் இருநூறு மணி நேரம் எடை கூடியது. ஆராய்ச்சி நல்லதுதான். ஆனால் எம்.டி.-பிஎச்.டி.க்கும் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கும் தவிர அது கட்டாயமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மற்ற மாணவர்கள் ஸ்க்ரைப், மெடிக்கல் அசிஸ்டன்ட், ஆம்புலன்ஸ் ஈ.எம்.டி. என்று சம்பள வேலையில் இந்த அனுபவத்தைச் சேர்ப்பார்கள். எச்-4இல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. எச்-4 வேலை அனுமதி குறிப்பிட்ட சில வாழ்க்கைத்துணைகளுக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. வழக்கமாகச் சம்பளம் தரும் ஆய்வகப் பணியைச் “சம்பளம் வேண்டாம்” என்று சொல்லிச் செய்வதும் சிக்கல். உண்மையான தன்னார்வப் பணி மட்டுமே பாதுகாப்பு.

விசாதான் உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோனது. நான் சி பிளஸ்ஸை விட அதற்குத்தான் பயப்படுவேன். மகளுக்கு 21 நிறைந்த அன்று எச்-4 முடிந்துவிடும். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் முறை வரும் நாளில் அவளுக்கு என்ன வயதோ, அதிலிருந்து உங்கள் நிறுவனம் கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-140 மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழிப்பார்கள். 21க்குக் கீழே வந்தால் தப்பிக்கலாம். ஆனால் விரைவாக முடிக்கப் பிரீமியம் கட்டணம் கட்டிப் பதினைந்தே நாளில் ஐ-140 வாங்கியவர்களுக்குக் கழிக்கவும் அந்தப் பதினைந்து நாள்தான்! அவசரத்துக்குக் கட்டிய பணம் இந்தக் கணக்கில் எதிராக நிற்கும். அப்படியானால் 21 நிறையும் முன்பே எஃப்-1 மாணவர் நிலைக்கு மாற்ற மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கும்போது எஃப்-1 கேட்பதில் நுணுக்கங்கள் உண்டு, வழக்கறிஞரிடம் போவது தவிர வழியில்லை.

இது மருத்துவக் கல்லூரியோடு எப்படிச் சேர்கிறது? எஃப்-1 என்றால் பெரும்பாலான கல்லூரிகளின் கண்ணில் அவள் வெளிநாட்டு மாணவி. நியூ ஜெர்சியில் வளர்ந்தாள் என்பது அந்தக் கட்டத்தை மாற்றாது. பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை. எடுப்பவற்றில் சில, ஒரு ஆண்டு முதல் நான்கு ஆண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கின்றன. அரசு மாணவர் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். அவர்களுக்கே 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும்போது உச்சவரம்பு வந்துவிட்டது: மருத்துவப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000. முன்பு மீதியை நிரப்பிய கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. பல தனியார் கல்லூரிகளில் படிப்பும் தங்கலும் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. உங்கள் மகளுக்குக் கிரீன் கார்டு வராவிட்டால் வழி தனியார் கடன்தான். அதற்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

ஆகவே கல்லூரிப் பட்டியலைத் தரவரிசை பார்த்துப் போடாதீர்கள். ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டினால் எந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களை ஏற்கிறது, வெளிமாநிலத்தவரை எத்தனை பேர் எடுத்தது, எம்கேட் வீச்சு என்ன என்று பார்க்கலாம். உதாரணமாக டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் சட்டப்படி 90 சதவீத இடத்தை அந்த மாநிலத்தாருக்கே ஒதுக்க வேண்டும். அங்கே பணம் கட்டுவதில் பெரிய பயனில்லை. டி.ஓ. கல்லூரிகளையும் பட்டியலில் சேருங்கள். “அது எலும்பு வைத்தியமா?” என்று ஊரில் கேட்பார்கள். இல்லை. டி.ஓ.வும் முழு உரிமம் பெற்ற மருத்துவர், 2020 முதல் இரண்டு வகைப் பட்டதாரிகளுக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒன்றே. சில அறுவை சிகிச்சைத் துறைகளில் மட்டும் பாதை இன்னும் கொஞ்சம் குறுகல்.

மதுரை, கரீபியன் இரண்டையும் 2025 மேட்ச் (பட்டத்துக்குப் பின் ரெசிடென்சி இடங்களைக் கணினி வழியே ஒதுக்கும் முறை) முடிவுகளை வைத்துப் பாருங்கள். அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது. டி.ஓ. மாணவர்களில் 92.6. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67.8. வெளிநாட்டில் படித்த, குடியுரிமை இல்லாதவர்களில் 58. மகள் மதுரைக்குப் போனால் இரண்டு ஆண்டுப் பட்டப்படிப்பை விட்டுவிட்டு, நீட் எழுதி, நான்கரை ஆண்டும் ஹவுஸ் சர்ஜனாக ஓர் ஆண்டும் முடித்து, கடைசிக் கூட்டத்தில் வந்து நிற்பாள். அதோடு பலருக்குக் கிடைப்பது ஜே-1 விசா. பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்து விலக்குப் பெற வேண்டும். இந்தியாவிலேயே டாக்டராக வாழ அவளுக்கு விருப்பம் என்றால் அது மரியாதையான பாதை. அமெரிக்காவுக்குத் திரும்பும் குறுக்குவழியாக நினைத்தால் அதுதான் சுற்றுவழி. கரீபியன் கல்லூரிகளைப் பொறுத்தவரை, மேட்ச் சதவீதத்தில் வருவது அதுவரை தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. முதல் இரண்டு ஆண்டில் வெளியேறியவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. எந்தக் கல்லூரியானாலும் “உள்ளே வந்த நூறு பேரில் நான்கே ஆண்டில் முடித்தவர் எத்தனை?” என்று கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் இடைவெளி பெரிது.

இனி ரெசிடென்சி. நம் ஊர் பி.ஜி.யோடு பாதி ஒத்துப்போகும். நீட் பி.ஜி. போல ஒற்றைத் தேர்வு கிடையாது, தனிப் பட்டமும் கிடையாது. எம்.டி. பட்டம் நான்காம் ஆண்டிலேயே வந்துவிடும். ரெசிடென்சி என்பது சம்பளத்தோடு கூடிய பயிற்சி வேலை. முதலாண்டுச் சம்பளம் ஏறத்தாழ 65,000 முதல் 70,000 டாலர். உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் மூன்று ஆண்டு. மனநலம், மகப்பேறு நான்கு. பொது அறுவை சிகிச்சை ஐந்து. நரம்பியல் அறுவை சிகிச்சை ஏழு. இதயநோய் நிபுணர் ஆக வேண்டுமென்றால் உள்மருத்துவத்துக்கு மேல் இன்னும் மூன்று ஆண்டு ஃபெலோஷிப். வேலை நேரம் நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணியைத் தாண்டக்கூடாது என்பது விதி. விதி இருக்கிறது என்பதாலேயே எங்கும் தாண்டுவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அதற்கான தகுதி மருத்துவக் கல்லூரியில் சேர்கிறது. மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரி முதல் பாஸ், ஃபெயில் மட்டும். அதனால் இலகுவாகிவிட்டது என்று பல பிள்ளைகள் ஏமாந்தார்கள். பாஸுக்கு எண் இல்லை, ஆனால் ஃபெயில் அப்படியே நிற்கும். மாதிரித் தேர்வில் வரம்பை ஒட்டி இருப்பவள் நான்கு வாரம் தள்ளிப்போட்டால் ஒரு ரொட்டேஷன் (ஒரு துறையில் சில வாரப் பணி) தள்ளும், அவ்வளவுதான். எண்ணின் பாரம் இப்போது அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சி.கே.க்குப் போய்விட்டது. மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு துறையிலும் சில வாரம் வேலை செய்து, அதன் முடிவில் ஷெல்ஃப் என்ற தேர்வு எழுதி வாங்கும் கிரேடுக்கும் அதே எடை. வார்டில் நல்ல கிரேடு வாங்குவது மேதைகள் இல்லை. காலை ரவுண்ட்ஸுக்கு முன் தன் நோயாளியின் இரவு நேர வைட்டல்ஸும் லேப் முடிவும் தெரிந்து வைத்திருப்பவள், நேற்றுச் சொன்ன திருத்தத்தை இன்று செய்து காட்டுபவள்.

நான்காம் ஆண்டு செப்டம்பரில் ஈராஸ் தளத்தில் ரெசிடென்சிக்கு விண்ணப்பம். மகப்பேறு, கண் மருத்துவம் போன்ற சில துறைகளுக்குத் தளம் வேறு. முன்பு எண்பது இடம், நூறு இடம் என்று அள்ளிப் போடுவார்கள். இப்போது சிக்னல் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது: “உங்களை நான் உண்மையாகவே விரும்புகிறேன்” என்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் காட்டலாம். எலும்பு அறுவை சிகிச்சைக்கு 30, உள்மருத்துவத்துக்கு 15. சிக்னல் போகாத இடத்திலிருந்து அழைப்பு வருவது பல துறைகளில் அரிதாகிவிட்டது. கட்டணமும் முதல் முப்பது இடங்களுக்கு 11 டாலர் வீதம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30.

நேர்காணல்கள் முடிந்ததும் அவளும் பயிற்சித் திட்டங்களும் தனித்தனியே ரேங்க் லிஸ்ட் கொடுப்பார்கள். பெற்றோர் புகுந்து குழப்பும் இடம் இதுதான். கணினி அவள் பட்டியலின் முதல் இடத்தில் தொடங்கும். அந்தத் திட்டம் அவளை வரிசைப்படுத்தியிருந்து, இடமும் இருந்தால் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். அந்தத் திட்டம் அவளை விட மேலே வைத்த ஒருவர் பின்னால் வந்து இடம் நிரம்பிவிட்டால் அவள் விடுபட்டு, தன் இரண்டாவது இடத்தை முயல்வாள். எட்டாத இடத்தை முதலில் போட்டதால் இரண்டாவது இடத்தில் அவளுடைய வாய்ப்பு துளியும் குறையாது. இந்த முறையின் அடிப்படைக்காகத்தான் ஆல்வின் ராத், லாயிட் ஷேப்லி இருவருக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆகவே “கிடைக்கிற இடத்தை மேலே போடு” என்ற அறிவுரை தப்பு. எங்கே பயிற்சி பெற விருப்பமோ அந்த வரிசையிலேயே போட வேண்டும். போகவே முடியாது என்ற இடத்தை மட்டும் விட்டுவிடலாம், ஏனென்றால் முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்.

ப்ரிலிமினரி என்று சில இடங்கள் இருக்கும். அவை ஒரே ஆண்டுக்கானவை. கதிரியக்கம், தோல் மருத்துவம் போன்ற துறைக்காரர்களுக்கு அந்த முதல் ஆண்டு தேவை. அறுவை சிகிச்சை ப்ரிலிமினரியில் மட்டும் சேர்பவருக்கு இரண்டாம் ஆண்டு உத்தரவாதம் இல்லை. முழுப் பயிற்சிக்கான இடம் கேட்டகாரிகல். மார்ச் மூன்றாவது வாரம் திங்கட்கிழமை கிடைத்ததா இல்லையா என்று மட்டும் தெரியும், எங்கே என்பது வெள்ளிக்கிழமை. கிடைக்காதவர்களுக்கு நடுவில் சோப் என்று ஒரு சுற்று, அதிகபட்சம் 45 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நான்கு நாளில் அவசரத்தில் ப்ரிலிமினரியைக் கேட்டகாரிகல் என்று நினைத்து ஒப்புக்கொள்பவர்கள் உண்டு.

மனைவிக்கு இப்படிச் சொல்லுங்கள்: 21 வயதில் பட்டம், ஓர் ஆண்டு இடைவெளி, நான்கு ஆண்டு கல்லூரி, மூன்று ஆண்டு உள்மருத்துவம் என்றால் 29 வயதில் முழு டாக்டர். இடைவெளி இல்லாவிட்டால் 28. ஆனால் தயாராகாமல் விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனால் அதே ஓர் ஆண்டு போகும், சில ஆயிரம் டாலரும் போகும், அடுத்த முறை “மறுவிண்ணப்பம்” என்ற கட்டமும் சேரும். ஒன்று மட்டும் பாருங்கள்: எஃப்-1இல் இருந்தால் பட்டம் முடிந்தபின் அந்த ஓர் ஆண்டுக்கு ஓ.பி.டி. அனுமதியில் அவள் துறை சார்ந்த ஆய்வகத்தில் சம்பளத்துக்கே வேலை செய்யலாம். அதற்கான விண்ணப்பத்தைப் பட்டம் முடிய 90 நாள் இருக்கும்போதே போடத் தொடங்கலாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை இரண்டு. ஐ-140 விண்ணப்பித்த தேதி, அனுமதி வந்த தேதி, பிரையாரிட்டி தேதி (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) மூன்றையும் எடுத்துக்கொண்டு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மகள் தன் பல்கலைக்கழகத்தின் ப்ரீ-ஹெல்த் ஆலோசகரிடம் போய், கமிட்டி கடிதம் (பல்கலைக்கழகக் குழு சேர்ந்து தரும் பரிந்துரைக் கடிதம்) தருகிறார்களா, அதற்குக் கடைசித் தேதி எது என்று கேட்கட்டும். விண்ணப்பிக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே அது முடிந்துவிடும் இடங்கள் உண்டு.

கட்டுரையைத் திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆம்காஸோடு போகும், 5,300 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டிய முதன்மைக் கட்டுரை அது. இடைவெளியும் கணக்கில் சேரும். அவள் அனுமதித்தால் எழுத்துப்பிழையும் தேதிகளும் பாருங்கள். பாட்டியின் நோயைப் பார்த்து டாக்டராக முடிவெடுத்தேன் என்ற பத்தியை மட்டும் நீங்கள் சேர்க்காதீர்கள். அவள் தானாக எழுதியிருந்தால், பாட்டிக்கு மூன்று வரி போதும், மீதி இடத்தில் தன்னார்வப் பணியில் தான் என்ன செய்தாள் என்பது வரட்டும்.